ஒத்துக் குமிழும் ஒரு கட்டிக் கருப்பட்டியும்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆர்மோனியப் பெட்டியில் ஒரு குமிழ் கழன்றது, நாங்கள் ஒட்டினோம். இதில் எழுத என்ன இருக்கிறது? தவிர, எனக்கு எழுத்தெல்லாம் கிட்டங்கியில் மூட்டை மேல் சுண்ணாம்பால் அடையாளம் போடுகிற அளவுக்குத்தான் பழக்கம். ஐந்தாம் வகுப்பு வரை போனேன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் இவனைத் தாங்காது என்று அந்தக் காலத்து வாத்தியார் என் அப்பாவிடம் சொல்லிவிட்டார். ஆனால் போன வாரம் ஒரு கலியாண வீட்டில் என் சிநேகிதன் இந்தக் கதையைச் சொல்லக் கேட்டேன். அவன் சொன்ன கதையில் எறும்பே இல்லை. எறும்பு இல்லாமல் இதைச் சொல்ல ஒருவனுக்கு மனசு வருமென்றால், உள்ளதை உள்ளபடி எழுதி வைக்க இன்னொருவன் வேண்டாமா? அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

சிநேகிதன் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார். ஊர், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே. ஒரு பக்கம் ஆற்றுப் பாசன வயல், மறு பக்கம் பனங்காடு. நான் பாளையங்கோட்டைச் சந்தையில் ஒரு கருப்பட்டிக் கிட்டங்கியில் வேலை. சாயங்காலம் நடந்து ஊருக்குத் திரும்பினால் எனக்கு இரண்டு வேலைதான் உண்டு. ஒன்று சோறு தின்பது. மற்றது வாத்தியாரைக் கேலி செய்வது. முதல் வேலையைச் சில நாள் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

அவனைப் போலப் பயந்த பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. பெரியவர்கள் முன்னால் வாயே வராது. "ஆமாங்கய்யா", "சரிங்கய்யா", இவ்வளவுதான். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணிடமும் "சரிங்கய்யா" என்று சொன்னவன். அப்படிப்பட்டவன் ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆள். தலை நிமிரும். கண் சபையைப் பார்க்கும். பாட்டில் பின்தங்குகிற கிழவர்களைக்கூட ஒரு பார்வையால் இழுத்து வந்து சேர்த்துவிடுவான்.

அந்தப் பெட்டி எங்கள் சபைக்கு வந்தது ஒரு வெள்ளைக்கார அம்மாள் சீமைக்குத் திரும்பியபோது. அந்த அம்மாள் அதை எங்கள் ஐயரிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்கு ஐயர் என்றால் சபைக் குருவானவர். சுற்றுவட்டாரக் கோயில்களையெல்லாம் மாட்டுவண்டியில் சுற்றி விசாரிப்பவர். சில வருஷத்துக்கு ஒரு தடவை ஒருவர் மாற்றலாகிப் போய் வேறு ஐயர் வருவார். வாசிக்க ஓர் ஆள் இருக்கிறான் என்று எங்கள் கோயிலில் அதை இறக்கி வைத்தார். பெட்டிக்கு நாலு கால். பின்பக்கம் கையால் அழுத்துகிற துருத்தி. முன்பக்கம் கட்டைகளுக்குக் கீழே மூன்று வெள்ளைக் குமிழ். குமிழை இழுத்தால் உள்ளே ஒரு கதவு திறந்து காற்று போகும், தள்ளினால் கதவு மூடும். இரண்டு குமிழ் பாட்டுக்கு. மூன்றாவது ஒத்துக்கு. அதை இழுத்துவிட்டால், நாதசுரக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரைப் போல ஒரே சுரம் விடாமல் நின்று பேசும். நான் சொல்ல வந்தது இந்த மூன்றாவது குமிழை.

ஐப்பசி பிறந்த சமயம் ஐயர் வந்தார். அசனப் பண்டிகைக்கு நாள் குறித்தார். அசனம் என்றால் ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு தின்கிற பண்டிகை. ஆகவே எல்லாருக்கும் சந்தோஷம். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"பட்டணத்துப் புதுக் கோயில்ல பாட்டுக்கு ஒண்ணுமில்லடே. இந்தப் பெட்டியைக் கேக்காங்க. பண்டிகைக்கு அவங்க சபைப் பெரியவரு, அந்த அண்ணாச்சி வருவாரு. கேட்டுப் பாத்துப் பிடிச்சிருந்தா வண்டில ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

வாத்தியார் "சரிங்கய்யா" என்றான். வண்டி போன பிறகும் அதே இடத்தில் நின்றான்.

"ஏலே, ஐயரு போயாச்சு. நீ யாருக்கு இன்னும் சரிங்கய்யா போடுதே?" என்றேன்.

"பெட்டி போயிருமாலே?"

"நீ எப்படி வாசிக்கேங்கதப் பொறுத்து."

"நல்லா வாசிச்சா, இவன்கிட்டயே இருக்கட்டும்னு ஐயரு சொல்லிருவாரு. இல்லையா?"

"நல்லா வாசிச்சா அந்த அண்ணாச்சி சோறு திங்காமக்கூட வண்டில ஏத்துவாரு. கேவலமா வாசி வாத்தியாரே. அது உனக்கு வரும்."

அவன் என்னை முறைத்தான். மோசமாக வாசிக்க அவனுக்கு மனசு வராது என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிடுவான். ஒரு சனிக்கிழமை நான் உள்ளே நுழையவும், அவன் ஒத்துக் குமிழை இழுக்கவும் சரியாக இருந்தது. குமிழ் அவன் கையோடு வந்துவிட்டது.

விரலுக்கிடையில் அதை வைத்துக்கொண்டு அவன் பார்த்த பார்வை இருக்கிறதே!

"பல்லு விழுந்துட்டு வாத்தியாரே. கூரை மேல எறி. புதுசு முளைக்கும்."

"சிரிக்காதலே மூதி. இங்கன வந்து பாரு."

பார்த்தேன். பெட்டியிலிருந்து ஒரு கம்பி கொஞ்சமாய் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. குமிழுக்குள் இருந்த புரி தேய்ந்து வழவழவென்று போயிருந்தது. திருகினால் குமிழ் பம்பரம் மாதிரிச் சுற்றியது, பிடிக்கவில்லை. ஓலைத் துணுக்கு ஒன்றைச் சீவிக் குமிழுக்குள் சொருகினேன். ஒரு இழுப்புக்கு நின்றது, அடுத்த இழுப்பில் துணுக்கும் குமிழும் தனித்தனியே வந்தன. அவன் தன் வேட்டிக் கரையில் நூல் உருவிக் கம்பியில் சுற்றிப் பார்த்தான். அதுவும் பைய பைய நழுவியது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கோயில்குட்டி நின்றார். கோயிலைப் பெருக்கி, மணியடித்து, விளக்கேற்றுகிற பெரியவருக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். எந்தப் பேச்சானாலும் தான் இந்தக் கோயில் கட்டச் சுண்ணாம்பு சுமந்ததில் கொண்டு வந்து முடிக்காமல் விடமாட்டார். அன்றைக்கும் விடவில்லை.

"இந்தச் செவரு எதுல நிக்கின்னு தெரியுமாடே? சுண்ணாம்புல கருப்பட்டித் தண்ணி ஊத்தி அரைச்சது. நான் சுமந்தேன். எத்தனை மழை பெஞ்சிருக்கு, ஒரு பொட்டு உதிர்ந்திருக்கா?"

நானும் வாத்தியாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இவ்வளவு பெரிய கோயிலையே பிடித்து நிறுத்துகிற சாமான், கொட்டைப் பாக்களவு குமிழைப் பிடிக்காதா? அதுவும் கருப்பட்டிக் கிட்டங்கிக்காரன் ஒருவன் பக்கத்தில் இருக்கும்போது!

மறுநாள் ஆராதனை முடிந்ததும் உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு கட்டி கொண்டுபோனேன். கோயில்குட்டி சொன்னது கருப்பட்டித் தண்ணீர். அதாவது சுண்ணாம்பு நிறைய, இனிப்பு பேருக்கு. எங்கள் குமிழ் அவசரத்தில் இருக்கிறதே என்று நான் கருப்பட்டியைத் தண்ணீராக்கவில்லை. பாகாகக் காய்ச்சினேன். சுண்ணாம்பைத்தான் பேருக்குப் போட்டேன்.

"போதுமாலே?" என்றான் வாத்தியார்.

"கருப்பட்டியப் பத்தி எனக்கு நீ சொல்லித் தராத. நீ அஞ்சும் மூணும் எவ்வளவுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடு."

குமிழின் ஓட்டையில் பாகை ஊற்றிக் கம்பியில் அழுத்தினோம். ஆறியதும் கல்லாகிவிட்டது. வாத்தியார் இழுத்தான், கதவு திறந்தது. தள்ளினான், மூடியது. ஒரு கையால் துருத்தியை அழுத்தி மறு கையால் வாசித்தான். ஒத்து நின்று பேசியது. கோயில்குட்டி தூண் தூணாகத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார், எல்லாத் தூணும் அவர் சொந்தத் தூண் என்பதுபோல.

அதற்குப் பிறகு மழை பிடித்தது. மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும். கிட்டங்கியில் நாங்கள் அதற்காகவே தரையில் பனையோலை பரப்பி, மேலே சாக்கு மூடி, தினம் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். நான் பாளையங்கோட்டையில் ஒரு கிட்டங்கிக் கருப்பட்டியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே நாட்களில், எங்கள் கோயிலில் ஒரு குமிழுக்குள் இருந்த கருப்பட்டி தன்பாட்டுக்குக் கசிந்துகொண்டிருந்தது. எனக்கு அது நினைவிலேயே இல்லை. வாத்தியாரோ, மறுபடி கழன்றுவிடுமோ என்று பயந்து அந்தக் குமிழைத் தொடாமலே பழகிக்கொண்டிருந்தான்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை கோயில்குட்டி என் வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

"ஏலே, பெட்டிக்கு வேர்க்குது! எறும்பு வேற!"

போய்ப் பார்த்தால், கோயில் வாசலிலிருந்து பெட்டிக் கால் வரை ஒரு கறுப்புக் கோடு. பெட்டிக் காலில் ஏறி, குமிழைச் சுற்றி, கட்டைக்குள் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் கடிக்காத சின்னக் கறுப்பு எறும்பு.

"இது பிள்ளையார் எறும்புல்லா? நம்ம கோயிலுக்கு எதுக்கு வந்துச்சு?" என்றார் அவர்.

"அசனத்துக்கு எல்லாரும் வரலாம்னு ஐயரே சொல்லியிருக்காரே பெரியப்பா" என்றேன்.

வாத்தியார் குமிழைத் துணியால் துடைத்துக்கொண்டே அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். நான் வீட்டில் சோற்றுப் பானை வைக்கும் மரப்பெட்டியை நினைத்துக்கொண்டேன். எறும்பு ஏறாமல் இருக்க அம்மா அதன் நாலு காலுக்கும் தண்ணீர் வைப்பாள். இங்கேயும் அதையே செய்தோம். நாலு கொட்டாங்கச்சியில் தண்ணீர், நாலிலும் நாலு கால். ஆர்மோனியம் ஆற்றில் இறங்கிக் குளிக்க நிற்பதுபோல நின்றது. வெளியிலிருந்து வந்த வரிசை கொட்டாங்கச்சி வரை வந்து, தயங்கி, திரும்பிவிட்டது. எங்களுக்கு ஒரே பெருமை.

ஏற்கெனவே உள்ளே போயிருந்தவை எப்படி வெளியே வரும் என்று மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

பண்டிகை அன்றைக்குக் கோயிலுக்குப் பின்னால் கிடாரத்தில் கறி கொதிக்கிற வாசனை, உள்ளே புதுத் துணி வாசனை. ஐயர் வந்தார். அவரோடு பட்டணத்து அண்ணாச்சியும் வந்தார். சலவை வேட்டி, கறுப்புக் கோட்டு, கையில் குடை. பெட்டியைச் சோதிக்க வந்தவர் என்பதால் அவருக்குப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். கொட்டாங்கச்சிகளைப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு?"

வாத்தியார் என் பக்கம் திரும்பினான். நான் சொன்னேன். "சுருதி இளகி இருக்கணும் அண்ணாச்சி. காய்ஞ்சா கட்டையாப் போயிரும்."

"அப்படியா?" என்று அவர் தலையாட்டினார். வாத்தியார் குனிந்துகொண்டான்.

முதல் கீர்த்தனை ஒத்து இல்லாமல் போயிற்று. நன்றாகவே போயிற்று. இரண்டாவதற்கு அவன் ஒத்துக் குமிழை இழுத்தான். குமிழ் வந்தது, கம்பியும் வந்தது. அந்தச் சுரம் தரையிலிருந்து எழும்பியதுபோல எழும்பிக் கோயில் முழுக்க நிறைந்தது. அதன் மேல் அவன் பாட்டை எடுத்து வைத்தான். நான் எவ்வளவோ கேலிக்காரன்தான். ஆனால் அன்றைக்கு நானும் வாயைத் திறந்து பாடினேன். பின்வரிசைக் கிழவர்கள் ஒருவர்கூடப் பிந்தவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால் அண்ணாச்சி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி போய்விட்டது என்று நினைத்தேன். நான் அன்றே சொன்னேன் அல்லவா, கேவலமாக வாசி என்று!

பாட்டு முடிந்தது. ஐயர் ஜெபத்துக்கு எழுந்தார். சபை தலை குனிந்தது. வாத்தியார் குமிழைத் தள்ளினான்.

போகவில்லை.

கசிந்த பாகு கம்பியோடு உள்ளே போய் ஓட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இழுத்தபோது வந்தது, தள்ளினால் நகரவில்லை. துருத்திக்குள் மிச்சமிருந்த காற்று தீருகிற வரை அந்த ஒரே சுரம் நின்றது. "பரலோகத்திலிருக்கிற" என்று ஐயர் தொடங்கினார். "ஙொய்ய்ய்" என்றது பெட்டி. ஐயர் நிறுத்தினார். பெட்டி நிறுத்தவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் அது சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு இழுப்பு இழுத்து அடங்கியது. முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்துகிற சாக்கில் சிரித்தார்கள். அது நானாகவும் இருக்கலாம்.

அடுத்த பாட்டிலும் அப்படியே. அதற்கும் அடுத்த பாட்டில் உள்ளே குடியிருந்தவை வெளியே வந்தன. துருத்தியை அழுத்த அழுத்த உள்ளே புயல் அடித்திருக்கும், பாவம். கட்டைகளுக்கு இடையில் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. இறங்கிப் போகலாமென்றால் நாலு காலிலும் தண்ணீர். அதனால் வாத்தியாரின் கையில் ஏறின. அவன் விரலைத் தூக்கித் தூக்கிப் போட்டு வாசித்தான். சபைக்கு அது புதுவிதக் கைவேகம் போலத் தெரிந்திருக்க வேண்டும். "பையன் என்னமா வாசிக்கான் பாரு!" என்று பின்னால் ஒரு பெரியம்மா சொன்னது எனக்குக் கேட்டது.

அண்ணாச்சிக்கும் அந்தக் கைவேகம் பிடித்துவிட்டது. கிட்டத்தில் பார்க்க நாற்காலியிலிருந்து எழுந்து ஓர் அடி வைத்தார். வைத்த அடி கொட்டாங்கச்சியில் விழுந்தது. தண்ணீர் கவிழ்ந்தது, சலவை வேட்டி நனைந்தது. விழாமல் இருக்கப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். எறும்புகளுக்கு விடுதலை கிடைத்தது. ஒரு கூட்டம் தண்ணீர் வடிந்த கால் வழியாக இறங்கியது. இன்னொரு கூட்டம் கறுப்புக் கோட்டின் கை வழியாக ஏறியது. கறுப்பின் மேல் கறுப்பு, ஆகவே கழுத்துக்கு வரும்வரை அவருக்குத் தெரியவில்லை.

தெரிந்த பிறகு நடந்ததை நான் எழுதினால் அவர் மரியாதைக்குக் குறைவு. அவர் அன்றைய கடைசிப் பாட்டைக் கோயிலுக்கு வெளியே, கோட்டை உதறிக்கொண்டே கேட்டார் என்று மட்டும் சொல்கிறேன்.

பந்தியில் அவருக்கு முதல் இலை. நான் குழம்பு வாளியோடு அந்தப் பக்கமே சுற்றினேன்.

"பெட்டியை எப்பம் ஏத்தலாம்?" என்று ஐயர் கேட்டார்.

"எந்தப் பெட்டிங்கய்யா? எறும்புப் புத்தைக் கொண்டுபோயி எங்க கோயில்ல வைக்கவா? நீங்க ஜெபம் பண்ணுதிய, அது ஊளையிடுது. முதல்ல அதைச் சரி பண்ணட்டும், பொறவு பாப்போம். தம்பி, இங்கன குழம்பு."

வாத்தியாரின் முகத்தைப் பார்த்தேன். சோற்றை உருட்டிக் கையில் வைத்தபடி, அடுத்து ஐயர் என்ன சொல்வாரோ என்று இருந்தான்.

சாப்பாடு முடிந்து ஐயர் கோயிலுக்குள் போனார். நாங்கள் பின்னால் போனோம். அவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்து, ஒத்துக் குமிழைப் பிடித்து அசைத்தார். விரலில் ஒட்டியதை முகர்ந்தார். பிறகு, ஐயர் என்றும் பார்க்காமல், நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கருப்பட்டியாடே?"

"ஆமாங்கய்யா" என்றான் வாத்தியார், தரையைப் பார்த்து.

"நல்ல உடன்குடிச் சரக்குங்கய்யா. நம்ம கிட்டங்கில எப்பமும் கிடைக்கும்" என்றேன் நான்.

அவர் தோள் குலுங்கியது. சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். வாத்தியாரை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி, குமிழைச் சரி பண்ணுங்க. சரியானதும் எனக்குச் சொல்லணும். சொன்ன அன்னைக்கு அவங்க வண்டி வரும்."

"சரிங்கய்யா" என்றான்.

அந்த வாரமே பெட்டியைத் திறந்து வெந்நீரில் நனைத்த துணியால் கம்பியைத் துடைத்தோம். எறும்புகளை ஊதி அனுப்பினோம். கம்பி சுகமாகப் போய்வந்தது. குமிழ் மட்டும் பழையபடி கையோடு வந்தது. கோயில்குட்டி வாசற்படியில் உட்கார்ந்து மாட்டுக்கு வாழையிலைக் கழிவை அரிவாளால் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த அரிவாளைப் பார்த்தபடி நான் இருந்தேன். வாத்தியாரும் அதையேதான் பார்த்தான். அரிவாள் பிடி கழன்றால் எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்ன செய்வதென்று. பிடிக்குள் அரக்கை உருக்கி ஊற்றி, சுடச்சுடச் சொருகினால் ஆயுசுக்கும் அசையாது. குமிழும் ஒரு பிடிதானே! கோயில் சுவரைப் பார்த்த கண்ணுக்கு இந்த அரிவாள் தெரியாமல் போயிருந்தது.

"அரக்கு இருக்காலே?" என்றான்.

மறுநாளே வாங்கிவந்தேன். அவன் விளக்கில் அதைக் காட்டினான். நுனி இளகிச் சொட்டுகிற பக்குவம். குமிழைக் கையில் எடுத்தவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

"இப்பம் ஒட்டிட்டா, சரியாயிட்டுன்னு ஐயர்கிட்ட சொல்லணும்."

"சொல்லாத."

"கேப்பாரு. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அதுக்குத்தான் நான் இருக்கேனே."

"நீ சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்கலே."

இது உண்மை. அரக்கு ஆறிக் கெட்டியாகிவிட்டது. அவன் குமிழுக்குள் கொஞ்சம் பஞ்சு நூலைத் திணித்துக் கம்பியில் லேசாகச் சொருகிவைத்தான். மெல்ல இழுத்தால் வேலை செய்யும். கொஞ்சம் அழுத்தி இழுத்தால் கையோடு வரும்.

அதற்குப் பிறகு ஐயர் எத்தனையோ தடவை வந்துபோய்விட்டார். ஒவ்வொரு தடவையும் நேரே பெட்டிக்குப் போவார். ஒத்துக் குமிழைப் பிடித்து ஓர் இழுப்பு. கையோடு வரும். "இன்னும் சரியாகலையோ?" என்பார். "இல்லைங்கய்யா" என்பான் வாத்தியார், முழு உண்மையாக. ஐயர் குமிழை, தொட்டில் பிள்ளையைத் தொடுகிறவர் மாதிரி, திரும்பக் கம்பியில் சொருகிவைப்பார். பிறகு பாட்டு எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் நிற்பார். அண்ணாச்சியின் கோயிலுக்கு வேறு பெட்டி வாங்கிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. நான் அதை வாத்தியாரிடம் சொன்னேன். நான் சொன்னதால் அவன் நம்பவில்லை.

கலியாண வீட்டில் எறும்பை மறைத்தவனைச் சும்மா விடக் கூடாது என்று நேற்றுச் சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். அந்தப் பழைய அரக்குத் துண்டு இன்னும் என் மடியில்தான் கிடக்கிறது. அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அதை விளக்குப் பக்கம் கொண்டுபோய், மறு கையை ஒத்துக் குமிழின் மேல் வைத்தேன்.

"என்ன வாத்தியாரே, ஒரு நிமிசந்தான், இறுக்கிருவமா?"

பாட்டை நிறுத்தாமலே சொன்னான்: "கைய எடுலே, ஐயருக்கு இன்னும் மாத்தல் வரல."